சக்கரம் இறங்கிய கொல்லை

டிப்பர் லாரி வந்து நின்றபோது உண்ணாமலை கொல்லையின் வாயிலில் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் தொடங்கிய மழை விடியும்வரை விடவில்லை. ஸ்டூலின் கால்கள் மண்ணுக்குள் விரலளவு இறங்கியிருந்தன. அவளுக்குப் பின்னால், மடக்கி உழுது உரமாக்க விதைத்த சணப்பை இடுப்புயரம் நின்றது, பூவும் மொட்டுமாக, ஈரம் சொட்டிக்கொண்டு.

லாரி நிறையக் கிரஷர் தூள். ஜல்லி உடைக்கிற இடத்தில் மிஞ்சும் சாம்பல் நிறக் கல்பொடி. சேற்றின் மேல் கொட்டி நிரவி, அதன் மேல் நாலு வண்டி ஏறி இறங்கிவிட்டால் தரை இறுகிப் போகும். பிறகு எந்த மழைக்கும் கார் சிக்காது. எந்த விதையும் முளைக்காது.

ஓட்டுநர் வேடியப்பன் தலையை வெளியே நீட்டினான்.

"எங்கக்கா கொட்றது?"

"எங்கயும் கொட்றதில்ல."

"உங்க பையன்தான வரச் சொன்னாப்ல."

"அப்போ அவன் வூட்டு வாசல்ல கொட்டு."

"அவன் வூடும் உங்க வூடும் ஒண்ணுதான?"

"என் தலை மேல கொட்டு, போ."

வேடியப்பன் சிரித்துக்கொண்டே என்ஜினை அணைத்தான். பிறகு கைப்பேசியில் மணி பார்த்தான், சிரிப்பு போய்விட்டது. "ஒம்போது மணிக்கு மேல இந்த ரோட்ல பெரிய வண்டி உடமாட்டாங்கக்கா. இன்னிக்கு தீபம். நான் மாட்டிக்கினா நாளைக்குத்தான் வெளிய போவணும். எதுவா இருந்தாலும் சீக்கிரம் பேசி முடிங்க."

பேச வேண்டியிருந்தது இதுதான். அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில், கிரிவலப் பாதையிலிருந்து உள்ளே பிரியும் கிளைச் சாலையில், உண்ணாமலையின் பெயரில் ஒன்றரை ஏக்கர் கொல்லை இருக்கிறது. அவளுடைய அப்பா அவளுக்கு எழுதிவைத்தது. மழையை நம்பி நிலக்கடலை போடும் செம்மண் நிலம். கொல்லைக்குப் பின்புறம் இன்னும் மூன்று பேருடைய நிலங்கள். தீபத்தன்றும் பௌர்ணமியிலும் வெளியூர்க் கார்கள் அந்தப் பின்நிலங்களில்தான் நிற்கும். அங்கே போவதற்கு ஒரு காலி மனை வழியாக வேறொரு வழி இருந்தது. அந்த மனையை யாரோ வாங்கி, ஆவணி மாதத்தில் சுற்றுச்சுவர் எழுப்பிவிட்டார்கள். இனிக் கார்கள் பின்னால் போக வேண்டுமென்றால் உண்ணாமலையின் கொல்லைக்குள் நுழைந்துதான் போக வேண்டும்.

அவள் மகன் பாலாஜி அதற்கு ஒப்புக்கொண்டுவிட்டான். வெறும் வழியாக மட்டுமல்ல. கொல்லையின் முன்பாதி முழுவதும் கிரஷர் தூள் போட்டு, இனி எல்லாப் பௌர்ணமிக்கும் நிலையான வண்டி நிறுத்தமாக ஆக்கிவிடுவது என்று திட்டம். இதை அவன் அம்மாவிடம் சொல்லவில்லை. பின்நிலக்காரர்களில் ஒருவனான மணி, முந்தின நாள் மாலை அவள் பால் வாங்கப் போன இடத்தில், "அண்ணி, நாளைக்குக் காலையில டிப்பர் வரும், சணப்பைய இன்னிக்கே அறுத்துடுங்க" என்று சொன்னபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. மணி அவள் கணவனுக்குச் சித்தப்பா மகன். நல்லது செய்கிற குரலில்தான் சொன்னான்.

அவள் அறுக்கவில்லை. விடியும் முன்பே ஸ்டூலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

இப்படிச் சொன்னால் அவள் முதலிலிருந்தே மண்ணைக் காத்தவள் என்று தோன்றிவிடும். அது உண்மையில்லை. இந்தக் கொல்லையைக் கெடுத்தவர்களில் முதல் ஆள் அவள்தான்.

பாலாஜி பள்ளிக்கூடம் முடித்த வருஷத்தில் தொடங்கியது. தீபத்துக்கு வந்த பேருந்து ஒன்று நிற்க இடமில்லாமல் தவித்தது. கொல்லை சும்மாதான் கிடந்தது. நிற்கட்டுமே என்று அவளே வேலிப் படலை விலக்கிவிட்டாள். அடுத்த வருஷம் பத்துப் பன்னிரண்டு பேருந்துகள். கார்த்திகை என்பது இந்தப் பக்கத்தில் மழை மாதம். ஊறிய மண்ணின் மேல் ஆள் நிரம்பிய பேருந்துகள் ஏறி நின்று, மறுநாள் போயின. போன பிறகு பார்த்தால் நிலம் முழுக்கக் கணுக்கால் ஆழத்துக்குத் தடம் விழுந்திருக்கும்.

இங்குதான் இந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் ஒரே தவறைச் செய்தார்கள். தீபம் முடிந்து ஈரம் சற்றுக் காய்ந்ததும் டிராக்டரில் ரோட்டவேட்டர் மாட்டி நிலத்தை ஓட்டிவிடுவார்கள். சுழலும் கத்திகள் மேல்மண்ணை மாவாக அரைத்துப் போடும். ஒரு நடையில் தடமெல்லாம் மறைந்துவிடும். தடம் மறைந்தால் தீங்கும் மறைந்தது என்று எடுத்துக்கொண்டார்கள். மனிதர் தமக்குள்ளும் இதைத்தான் செய்துகொள்கிறார்கள் என்பதால் இதில் யாரையும் முட்டாள் என்று சொல்ல முடியவில்லை. ஒரு சாண் மாவுக்கு அடியில் பலகைபோல் ஓர் அடுக்கு இறுகிக்கொண்டே வந்தது. அதை யாரும் பார்க்கவில்லை; பார்க்கிற இடத்தில் அது இல்லை.

கடலை அதைப் பார்த்தது. நிலக்கடலை மற்றப் பயிர்போல் அல்ல. மேலே பூ பூத்து, பூவின் அடியிலிருந்து ஊசிபோல் விழுது கிளம்பி, மண்ணைத் துளைத்து உள்ளே போனால்தான் காய் பிடிக்கும். மாவு மண் ஒரு மழையில் படிந்து, வெயிலில் ஓடுபோல் காய்ந்தது. விழுதுகள் அந்த ஓட்டைத் தொட்டு, முனை கருகி, வளைந்து நின்றன. செடி பச்சைப் பசேலென்று இருந்தது. பிடுங்கினால் அடியில் ஒன்றுமில்லை.

உண்ணாமலை விதையைத்தான் குற்றம் சொன்னாள். ஒரு கட்டுச் செடியைத் தலையில் வைத்துக்கொண்டு பேருந்தேறி, விதை வாங்கிய கீழ்பென்னாத்தூர் கடைக்கே போனாள். கல்லாப்பெட்டிக்கு முன்னால் கட்டை அவிழ்த்துக் கொட்டினாள்.

"மல்லாட்டை விதைன்னு குடுத்தீங்களே, இதுல மல்லாட்டை எங்க இருக்குது, காட்டுங்க."

கடைக்காரர் ஒரு செடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "விழுது நல்லாத்தான் உட்டிருக்குது. உள்ள இறங்கல. உன் நிலம் உள்ள உடல."

"என் நிலம் இன்னா, கேட் போட்டு வெச்சிருக்குதா?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் அதை மறக்கவில்லை. அடுத்த வருஷம் வேறு கடையில் விதை வாங்கினாள். அந்த வருஷமும் அப்படியே. அதற்கடுத்த வருஷம் இன்னும் ஆழமாக, இரண்டு நடை ரோட்டவேட்டர் ஓட்டச் சொன்னாள். நோய்க்கு நோயையே மருந்தாகக் கொடுத்தாள். தை மாதத்தில் திடீர் மழை ஒன்று பெய்தபோது நீர் உள்ளே போகாமல் மேலேயே ஓடி, மாவு மண்ணை வழித்துக்கொண்டு தெற்கேயிருக்கும் ஓடையில் இறங்கியது. ஓடை ரத்தம்போல் சிவந்து போனதை அவள் கரையில் நின்று பார்த்தாள். அன்று வீட்டில் சமைக்கவில்லை என்பார்கள்.

வேளாண்மைத் துறையிலிருந்து வரும் பெண் தேவிப்ரியா அதற்குப் பிறகுதான் அந்தப் பக்கம் வந்தாள். இருபத்தாறு இருபத்தேழு வயசு, ஸ்கூட்டி. கொல்லையைப் பார்த்துவிட்டு இரண்டு குடம் தண்ணீர் கேட்டாள். குடிக்கவா என்று கேட்டபடி உண்ணாமலை எடுத்து வந்தாள். தேவிப்ரியா ஒரு குடத்தைக் கொல்லையின் நடுவில் மெல்ல ஊற்றினாள். தண்ணீர் தேங்கி நின்று, பிறகு சரிவு தேடி நகர்ந்தது. இன்னொரு குடத்தை வடக்கு வரப்போரம் நிற்கும் வேப்பமரத்துக்குக் கீழே ஊற்றினாள். மரத்துக்குப் பயந்து எந்தப் பேருந்தும் அங்கே ஏறியதில்லை. ஊற்ற ஊற்ற, ஊற்றிய இடத்திலேயே காணாமல் போனது.

"பாத்தீங்களாக்கா?"

"ரெண்டு கொடம் தண்ணி போனதப் பாத்தேன்."

தேவிப்ரியாவுக்குக் கோபம் வரவில்லை. அடியில் இறுகிய அடுக்கை உளிக் கலப்பையால் கீறிவிட வேண்டும், புழுதியாக அடிக்கக் கூடாது, மழைக் காலத்தில் சணப்பை விதைத்துப் பூவெடுக்கும்போது மடக்கி உழ வேண்டும், சரிவுக்குக் குறுக்கே வரப்பு போட வேண்டும் என்று வரிசையாகச் சொன்னாள். "எல்லாத்துக்கும் மேல, ஈரத்துல சக்கரம் ஏறக் கூடாது. அப்பிடி ஏறித்தான் ஆவணும்னா ஒரே தடத்துல ஏறட்டும். அந்தத் தடம் செத்துப் போவும். மத்தது பொழைக்கும்."

உண்ணாமலை தலையாட்டிவிட்டு ஒரு வருஷம் எதுவும் செய்யவில்லை. அந்தத் தீபத்துக்கும் பேருந்துகள் நின்றன. செய்யத் தொடங்கியது நம்பிக்கையால் அல்ல என்று நினைக்கிறேன். வேறு எதுவும் மிச்சமில்லை, அதனால்தான். அதன் பிறகு இரண்டு தீபங்களுக்குப் படலைத் திறக்கவில்லை. பின்நிலங்களுக்கு அப்போது வேறு வழி இருந்ததால் யாரும் பெரிதாகச் சண்டைக்கு வரவில்லை. முதல் வருஷம் கடலை சுமார். இரண்டாம் வருஷம், போன சித்திரையில், பிடுங்கிய செடிகளில் நாலுக்கு மூன்றில் காய் இருந்தது. அவள் செடியை உதறும்போது மண் கட்டியாக விழாமல் உதிர்ந்தது. அந்தச் செடிகளில் ஒன்றைக் கீழ்பென்னாத்தூர் கடைக்கு எடுத்துப் போக வேண்டும் என்று நினைத்தாளாம். பேருந்துக் கூட்டத்தை எண்ணிப் போகவில்லை.

டிப்பரைச் சுற்றி ஆள் சேர்ந்துவிட்டது. மணி வந்தான், மற்ற இரண்டு நிலக்காரர்கள் வந்தார்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் வந்தார்கள். கிரிவலப் பாதையிலிருந்து ஒலிபெருக்கிச் சத்தம் விட்டுவிட்டு வந்தது. பெரிய சாலையிலிருந்து முதல் கார்கள் கிளைச் சாலைக்குள் திரும்பத் தொடங்கியிருந்தன. இரண்டு கார்கள் டிப்பருக்குப் பின்னால் நின்று ஹாரன் அடித்தன.

"அண்ணி, இது ஒங்க ஒருத்தர் விஷயம் இல்ல," என்றான் மணி. "எங்க மூணு பேரு பொழப்பும் இந்த ஒரு நாளு. செவுரு கட்னவன் சென்னையில கீறான், அவன்கிட்ட போய் நாங்க சண்ட போட முடியாது."

"அதனால என்கிட்ட போட வந்துட்டீங்க."

"சண்டையா போடறோம்? கேக்கறோம்." அவன் குரலைத் தாழ்த்தினான். "அண்ணாமலையாரப் பாக்க வர்ற ஜனத்துக்கு எடம் இல்லன்னு இந்த ஊர்ல சொன்ன மொத ஆளு நீங்கதான்."

அது பட்டது. அவள் முகம் மாறியதை எல்லோரும் பார்த்தார்கள். தீபத்தன்று வருகிறவர்களுக்கு இல்லையென்று சொல்லக் கூடாது என்பது இங்கே சட்டத்தைவிடப் பழையது. உண்ணாமலையும் வருஷா வருஷம் ஓர் அண்டா புளிசோறு கிளறிப் பாதையோரம் வைத்துக் கொடுக்கிறவள். அன்றைக்கும் வீட்டில் புளி ஊறிக்கொண்டிருந்தது. ஆனால் இந்த வழக்கம் காலால் நடந்து வந்தவர்களுக்காக உண்டானது. வருகிறவரின் எடை கூடிக்கொண்டே போயிருக்கிறது. வழக்கத்தின் வார்த்தை மட்டும் அப்படியே இருக்கிறது. அதை அங்கே யாரும் அப்படி யோசித்திருக்க மாட்டார்கள். அவளும் யோசிக்கவில்லை.

அப்போது பாலாஜி வந்தான். பளபளக்கும் ஆரஞ்சு மேலங்கி, கழுத்தில் விசில். டிப்ளமோ முடித்து, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை பார்த்து, அந்த ஒப்பந்தம் முடிந்து திரும்பியவன். ஊரிலேயே இருந்து பிழைக்க ஒரு வழி கண்டுபிடித்துவிட்டோம் என்ற நிம்மதி சில மாதங்களாகத்தான் அவன் நடையில் வந்திருந்தது.

"எம்மா, எழுந்திரி. ஜனம் பாக்குது."

"பாக்கட்டும். கழுத்துல விசில் மாட்டுனவன் நீ, அவங்கள ஓரமா நிறுத்து."

"இன்னா பேசற நீ? ஒரு வருஷம் பூரா மண்ணத் தடவிக்கினு கெடந்து நாலு மூட்ட மல்லாட்டை எடுக்கற. எலி தின்னது போவ மூணு. இதுல ஒரு தபா தூளு போட்டுட்டா அப்பறம் ஒண்ணும் பண்ண வேணாம். மாசா மாசம் பௌர்ணமி தானா வரும்."

"பௌர்ணமி தானா வரும். மண்ணு வருமா?"

"மண்ண வெச்சிக்கினு நான் இன்னா பண்ணப் போறேன்?"

அவன் கத்தவில்லை. உண்மையாகவே கேட்டான். வேடியப்பன் கைப்பேசியை உயர்த்தி நேரத்தைக் காட்டினான். எட்டரை.

பாலாஜி அப்பாவுக்குப் போன் செய்தான். உண்ணாமலையின் கணவன் தசரதன் ரமணாசிரமம் பக்கத்தில் ஒரு தங்கும் விடுதியில் காவலாளி. தீப நாளில் அவருக்கு விடுப்பு கிடையாது. பாலாஜி ஒலியைப் பெரிதாக்கிப் போனை நீட்டினான். "நிலம் அவ பேர்ல இருக்குது, புள்ள என் பேர்ல இருக்குது," என்றார் தசரதன். "நான் இன்னா சொல்றது? இங்க ரூமுக்கு ஆள் வந்துக்கினே இருக்குது. வெச்சிடறேன்." வைத்துவிட்டார். யாரோ சிரிக்கப் போய் அடக்கிக்கொண்டார்கள்.

உண்ணாமலை எழுந்தாள். எழுந்த வேகத்தில் ஸ்டூலின் கால்கள் மண்ணிலிருந்து சளக்கென்று பிடுங்கிக்கொண்டன. கொல்லைக்குள் நடந்து, வடக்கு வரப்போரம் வேப்பமரத்தடியில் போய் நின்றாள். சணப்பை மற்ற இடத்தைவிட அங்கே ஒரு முழம் அதிக உயரம். மலைப் பக்கமிருந்து இறங்கும் நீர் அந்த மூலையில்தான் ஊறும். நல்ல மண் என்றால் கொல்லையில் அதுதான். தெற்கே ஓடை இருப்பதால் பின்நிலங்களுக்கு வழிவிட அதைத் தவிர வேறு விளிம்பும் இல்லை.

"இங்க," என்றாள். "வரப்ப ஒட்டி. ஒரு வண்டி போற அகலம். பின்னால இருக்கற நிலத்துக்குப் போறதுக்கும் வர்றதுக்கும் இது ஒண்ணுதான் வழி. அதுக்கு மேல ஒரு முழம் தூளு விழுந்தா நான் டிப்பருக்கு முன்னால படுத்துக்குவேன். எந்த வண்டியும் என் கொல்லையில நிக்கக் கூடாது."

"ஒரு வண்டி அகலத்துல எதிர்ல வர்றவன் எப்பிடி வருவான்?" என்றான் மணி.

"அதுக்குத்தான் இவன் கழுத்துல விசில் தொங்குது."

பாலாஜி வாயைத் திறந்தான். அவள் அதற்குள் குனிந்து சணப்பையைப் பிடுங்கத் தொடங்கிவிட்டாள். வேரோடு வந்தது, இழுத்த இழுப்புக்கு. பிடுங்கியதை வரப்புக்கு அப்பால் எறியாமல் கொல்லைக்குள்ளேயே வீசினாள். ஒன்பது மணி ஆகிக்கொண்டிருந்தது. முதலில் வேடியப்பன் இறங்கி வந்து பிடுங்கினான். அவனுக்குத் தன் லாரி வெளியே போக வேண்டும். பிறகு மணி. கடைசியாக, மேலங்கியைக் கழற்றி வேப்பங்கிளையில் மாட்டிவிட்டு, பாலாஜி.

தூள் கொட்டப்பட்டது. தேவிப்ரியா தண்ணீர் ஊற்றிய, ஊற்றியதெல்லாம் உள்ளே போன அந்த இடத்தின் மேல்தான். மீதித் தூளை வேடியப்பன் சாலைக் குழிகளில் கொட்டிவிட்டு விரைந்தான். உண்ணாமலை பார்த்துக்கொண்டு நின்றாள். இதைத் தியாகம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. தியாகத்தில் கொடுப்பவருக்கு ஒரு நிறைவு இருக்கும். அவள் முகத்தில் இருந்தது பேரம் படியாமல் வாங்கிவிட்டு வருகிறவரின் எரிச்சல்.

பகல் முழுவதும் கார்கள் அந்த ஒற்றைத் தடத்தில் போயின. பாலாஜி தடத்துக்கும் சணப்பைக்கும் நடுவே கழி நட்டுக் கயிறு கட்டினான். எதிர் எதிராக வண்டிகள் மாட்டி, ஓட்டுநர்கள் திட்டி, வரிசை பெரிய சாலைவரை நீண்டது. நடுப்பகலுக்கு மேல் ஒரு கார்க்காரர் இறங்கி வந்து, இவ்வளவு பெரிய இடம் சும்மா கிடக்கிறதே, ஏன் விடமாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டார். சும்மாவா கிடக்குது என்று பாலாஜி திருப்பிக் கேட்டதை உண்ணாமலை புளிசோற்று அண்டாவுக்குப் பக்கத்திலிருந்து கேட்டாள். அது அவன் நம்பிச் சொன்னதா, எரிச்சலில் சொன்னதா என்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்று மணிக்கு மறுபடி தூறியது.

மாலை நெருங்க நெருங்க வண்டிகள் அசைவது நின்றது. பின்நிலங்கள் நிரம்பி, தடத்தின் மேலேயே ஒரு வரிசை வண்டிகள் நின்றுவிட்டன. மக்கள் கார்களின் மேலும் வரப்புகளின் மேலும் ஏறி நின்று உச்சியைப் பார்த்தார்கள். மேகம் வந்து வந்து மறைத்தது. பாலாஜியும் கயிற்றுக்குப் பக்கத்தில் கைகூப்பி நின்றான்.

உச்சியில் தீ தெரிந்தது. கிளைச் சாலை முழுவதும் ஒரே குரலாக "அண்ணாமலையானுக்கு அரோகரா" என்று எழும்பியது. அத்தனை பேரும் கிழக்கே மேலே பார்த்த அந்த நேரத்தில் உண்ணாமலை ஒருத்தி மட்டும் மலைக்கு முதுகு காட்டி நின்று சக்கரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவளுக்கு அந்த நிமிஷத்தின் மேல்தான் பயம்.

வேப்பமரத்துக்குப் பின்னால் நின்ற வேன் ஒன்றில் உச்சி தெரியவில்லை என்று யாரோ குரல் கொடுத்தார்கள். ஓட்டுநர் வண்டியைக் கிளப்பி, மரத்தைத் தாண்டிப் பார்ப்பதற்காக இடப்பக்கம் ஒடித்தார். கயிறு கழியோடு சாய்ந்தது. முன்சக்கரம் இரண்டும் தூளை விட்டு இறங்கிச் சணப்பைக்குள் போயின. உண்ணாமலை ஓடினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் வேன் நின்றுவிட்டது. நிறுத்தியவர் ஓட்டுநர் அல்ல. முன்சக்கரங்கள் பாதிக்கு மேல் மண்ணுக்குள் இறங்கியிருந்தன. ஓட்டுநர் முறுக்க முறுக்க இன்னும் இறங்கின. பின்னாலிருந்த இன்னொரு கார், அதே எண்ணத்தில் ஒடிக்கப் போனது, இதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றது.

அவள் வேனின் முகப்பில் கை வைத்தாள். "ஆஃப் பண்ணுங்க. முறுக்காதீங்க."

"சேறுன்னு ஒரு போர்டு வெக்கக் கூடாதாம்மா?"

"சேறு இல்லீங்க. மண்ணு."

மணி வந்து பார்த்தான். "டிராக்டர் கொண்டாந்து கயிறு கட்டி இழுத்தா ஒரே இழுப்பு."

"டிராக்டர் எங்க நிக்கும்?" என்று கேட்டது உண்ணாமலை அல்ல, பாலாஜி. மணி கொல்லையைப் பார்த்தான், பிறகு வேட்டியை மடித்துக் கட்டினான்.

வேனில் வந்தவர்களை இறக்கினார்கள். மலை சுற்றி முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள், செருப்பில்லாத கால்கள், யார் எவரென்று தெரியாதவர்கள், வந்து கை வைத்தார்கள். பாலாஜி மண்ணில் மண்டியிட்டுச் சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் கையால் பறித்தான். முழங்கைவரை உள்ளே போனது. அவன் ஒரு கணம் நின்று, கையை எடுத்துப் பார்த்தான்.

"எம்மா. அன்னிக்கு இந்தக் கொல்லையிலதான் பஸ்ஸு நின்னுது. பெரிய பஸ்ஸு. டயர் இவ்ளோ ஆழம் போவவே இல்ல."

"ம்."

"இப்போ வேனே இறங்குது."

"இறங்கத்தான் செய்யும். பறி."

அரோகரா சொல்லித் தள்ளினார்கள். நாலாவது தள்ளலில் வேன் தூள் மேல் ஏறியது. பாலாஜியின் முகம், மேலங்கி எல்லாம் செம்மண். ஓட்டுநர் மன்னிப்பு கேட்கவில்லை. போகும்போது கண்ணாடியை இறக்கி, ரோடு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். கொல்லையில் இரண்டு ஆழமான பள்ளங்களும், அவற்றைச் சுற்றி நூறு கால்கள் மிதித்த வட்டமும் மிச்சமிருந்தன.

இதை வெற்றி என்று எழுதத் தயக்கமாயிருக்கிறது. சணப்பையை மடக்கி உழுது, ஈரம் அடங்கியதும் மார்கழிக் கடைசியில் கடலை போட்டார்கள். ரோட்டவேட்டர் கூப்பிடவில்லை. சித்திரையில் பிடுங்கியபோது காய் நன்றாகவே இருந்தது. போன வருஷத்தைவிட அதிகம் என்று சொல்ல முடியாது. பள்ளங்கள் இருந்த இடத்துச் செடிகளைப் பாலாஜி தனியாகப் பிடுங்கினான். விழுதுகள் முனை கருகித் தொங்கின. அந்தச் செடிகளை அவன் வரப்பில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். வடக்கு ஓரத் தடம் இப்போது தார்ச் சாலைபோல் இருக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் கல்தூள் கரைந்து கொல்லைக்குள் வழிகிறது. உண்ணாமலை மண்வெட்டியால் வழித்து மறுபடி தடத்தின் மேல் போடுகிறாள். அவள் போகாத நாட்களில் தூள் தன்பாட்டுக்கு இன்னும் ஒரு சாண் உள்ளே வருகிறது.

வைகாசிப் பௌர்ணமிக்கு முன்னே கோடைமழை ஒன்று அடித்தது. மாலையில் ஒரு பெரிய பேருந்து வழி தெரியாமல் கிளைச் சாலைக்குள் வந்து, கொல்லை வாயிலில் நின்றது. தடத்தில் அது நுழையாது. திரும்புவதற்கும் இடமில்லை. ஓட்டுநர் இறங்கிக் கொல்லையைக் காட்டினார்.

"தம்பி, ஒரே ஒரு தபா உள்ள உட்டுத் திருப்பிக்கினு போயிடறேன். பயிர் ஒண்ணும் இல்லையே."

உண்மையில் பயிர் இல்லை. கடலை எடுத்த நிலம், மழையில் கறுத்துக் கிடந்தது. உண்ணாமலை வேப்பமரத்தடியில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பாலாஜி அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் பார்வையை எடுத்துக்கொண்டாள். சொல்வதற்கு அவளிடம் ஆயிரம் இருந்தது. சொல்லிவிட்டால் பிறகு எல்லா முறையும் அவளேதான் சொல்ல வேண்டியிருக்கும்.

பாலாஜி குதிகாலைக் கொல்லையின் விளிம்பில் வைத்து அழுத்தினான். எடுத்தான். குழியைப் பார்த்தான்.

"ரிவர்ஸ்லயே போயிடுங்கண்ணா."

"மெயின் ரோடு வரைக்குமா? வெளையாடறியா?"

"நான் பின்னால நின்னு சொல்றேன். வாங்க."

பேருந்துக்காரர் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். பாலாஜியின் விசில் சத்தம் விட்டுவிட்டு, பெரிய சாலைப் பக்கம் மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருந்தது. உண்ணாமலை எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அடுத்து வரும் வண்டியையும் அவன் திருப்பி அனுப்புகிறானா என்று பார்க்க, ஸ்டூலைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தாள்.